உள்ளே நாற்பத்திரண்டு, வெளியே நாற்பத்தொன்று

போன செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் என் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது தமீமிடமிருந்து போன் வந்தது. நான் முன்பு வேலை செய்த வெப்சைட் ஆபீசில் இப்போது அவன்தான் மூத்தவன். நான் இருந்த காலத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவன்.

"இன்னா ரிட்டயர்டு அண்ணே, சவாரியா?"

"சொல்லுடா."

"பழைய சர்வர மூடுறோம் அண்ணே. சனிக்கிழமையோட சரி. இப்பல்லாம் கஸ்டமரே மெஷின்கிட்ட பேசி பத்து நிமிஷத்துல சைட் போட்டுக்கறான், நம்மள யாரு கேக்கறாங்க? மஞ்சு அண்ணியோட பிளாக் அதுலதான் இருக்குது. வேற எடத்துக்கு மாத்தட்டா, விட்டுடட்டா?"

"மாத்திடு."

"அதுல ஒண்ணு கேக்கணும். வெளிய பாத்தா நாப்பத்தொரு பதிவு தெரியுது. உள்ள போய் எண்ணுனா நாப்பத்திரண்டு இருக்குது. ஒண்ண யாரோ மறச்சு வெச்சிருக்காங்க. அதையும் எடுத்துக்கட்டா?"

பின்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாப்பா, வண்டி போவுமா, நான் எறங்கட்டா?" என்றார்.

"சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்டா" என்று போனை வைத்தேன். அன்று முழுக்க யார் எங்கே இறங்கினார்கள் என்றே தெரியாமல் ஓட்டினேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. ரிட்டயர்டு என்பது பசங்களுடைய கிண்டல். மஞ்சுளா என் மனைவி. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் போன பிறகு நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. "நல்ல கை அண்ணே உங்களுது, ஏன் விட்டீங்க?" என்று பசங்க கேட்கும்போதெல்லாம் ஒருத்தனிடம் கண் வலி என்றேன், ஒருத்தனிடம் முதுகு வலி என்றேன். இரண்டும் இல்லை. மறைத்து வைத்த அந்த ஒரு பதிவுதான் காரணம். மறைத்தவன் நான்.

பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. அப்பா என்னைத் தோல் கம்பெனி கேட்டுக்குக் கூட்டிப் போனார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அடுத்த கேட், அதற்கடுத்த கேட். எங்கள் ஊரில் வேலை என்றால் கேட்டுதான். கடைசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து அதன் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றும் புரியாது. சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்ப்பது போல இருக்கும். பார்த்துப் பார்த்துப் புரிந்தது. நான்கு வருஷத்தில் அன்சார் சாருடைய ஆபீசில் சேர்ந்தேன்.

அன்சார் சார் இருபது வருஷம் ஒரு டேனரியில் செலக்‌ஷன் பார்த்தவர். முடிந்து வரும் தோலை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரிக்கிற வேலை. அந்த வேலைக்கு டியூப்லைட் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. வடக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். அதில்தான் உண்ணி கடித்த புள்ளியும் முள்வேலி கிழித்த கோடும் உள்ளபடி தெரியும். வெப்சைட் ஆபீஸ் ஆரம்பித்தபோதும் அவர் வடக்கு ஜன்னல் உள்ள மாடியாகப் பார்த்துத்தான் பிடித்தார்.

நாங்கள் செய்கிற ஒவ்வொரு பக்கத்தையும் வெளியே விடுவதற்கு முன் பேப்பரில் எடுத்து அந்த ஜன்னலோர மேஜையில் விரிக்க வேண்டும். காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். லைட்டை அணைத்துவிடுவார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் உள்ளங்கையால் பேப்பரை ஒரு தடவை தடவுவார். பேப்பரில் என்ன தெரியும்? ஆனால் தடவுவார். பிறகு மேலிருந்து கீழே ஒரு முறை, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு முறை. பென்சிலால் வலது மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார். வேண்டாம் என்றால் மூலையை மடித்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மூலை மடிந்த பேப்பர் நம் கைக்கு வந்தால் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாக வருகிற பையன்கள் சிரிப்பார்கள். "கம்ப்யூட்டர் ஆபீஸ்ல தோல் மண்டி நடத்துறாரு பாரு" என்பார்கள். ஆறு மாதத்தில் அவர்களும் பேப்பரைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சார் தொழுகைக்குப் போன நேரம் எங்களுக்கு டீ நேரம். அப்போது நான்தான் பேசுவேன். "நெட்டுல மட்டுந்தான்டா கேட்டு கெடையாது, வாட்ச்மேன் கெடையாது. ஒடுகத்தூர்ல இருந்து ஒருத்தர் எழுதுறத லண்டன்ல ஒருத்தன் படிப்பான். எவனும் நிறுத்தி பாஸ் கேக்க மாட்டான்." சொல்லும்போது எனக்கே கண் எங்கோ போய்விடும். இருட்டில் வரிசையாக விளக்கு எரிகிற வீடுகள் போல, எல்லாக் கதவும் திறந்திருக்கிற ஒரு தெரு போல அதை நினைத்துக்கொள்வேன். தமீம் வாய் பிளந்து கேட்பான்.

வீட்டிலும் அதையேதான் சொன்னேன். அப்படித்தான் மஞ்சுளா எழுத ஆரம்பித்தாள்.

மஞ்சு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். வாரம் ஆறு நாள் மெஷின் முன்னால் குனிந்திருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். எங்கே போகிறது என்பது இரண்டாவது. நானும் அவளும் எங்கள் பெண் தர்ஷினியும் டவுன் பஸ் போகிற இடத்துக்கெல்லாம் போனோம். வேலூர், அமிர்தி, ஏலகிரி, காட்பாடி ஸ்டேஷனில் சும்மா ரயில் பார்க்க ஒரு நாள். பஸ் நகர ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடும். மரமும் புளியமர நிழலும் கம்பெனிச் சுவரும் அவள் முகத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் தூங்குகிறாளா பார்க்கிறாளா என்று எனக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை. இப்போதும் ஆட்டோ சிக்னலில் நிற்கும்போது அந்த முகம்தான் வரும்.

அவளுக்கு ஒரு பிளாக் செய்துகொடுத்தேன். 'நிழல் பக்க சீட்டு' என்று அவளே பெயர் வைத்தாள். போனில் பேசுகிற மாதிரியே எழுதுவாள். "ஏலகிரி பஸ்சுல கொழந்தைக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் எல்லாம் வேஸ்ட். பின்னாடி சீட்டுல உக்காராதீங்க, அவ்ளோதான்." "வேலூருக்குக் காலைல போனா டிரைவர் பின்னாடி வெயிலு. எதிர்ப்பக்கம் உக்காருங்க. சாயங்காலம் திரும்பி வரும்போது மாத்தி உக்காருங்க." எங்கே வெந்நீர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள், எந்தப் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எல்லாம் எழுதுவாள். அவள் கம்பெனிப் பெண்கள் படித்தார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்களும் படித்தார்கள்.

ஒரு கார்த்திகை மாதம் பாலாற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போவார்கள். அந்த ஞாயிறு எனக்கு ஆபீசில் வேலை. மஞ்சு பாப்பாவையும், ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த தன் தங்கை கவிதாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் எழுதினாள்:

"பாப்பா செருப்பக் கழட்டிட்டு எறங்குனா. ஓரமா ஒரு வாய்க்கா வந்து சேருது, நீல கேட்டு போட்ட பெரிய கம்பெனியோட பின்சுவத்துப் பக்கமா. அது யாரு தண்ணின்னு எனக்குத் தெரியாது. சோப்பு நொர மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா பாப்பா காலு ரெண்டும் செவந்து தடிச்சுப் போச்சு. கொழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க பாலத்துக்கு மேல்பக்கமா எறங்குங்க. கீழ்ப்பக்கம் வேணாம்."

கீழே பாப்பாவின் கால் போட்டோ. அவ்வளவுதான். அவள் யார்மேலும் புகார் சொல்லவில்லை. எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொன்னாள்.

மூன்றாம் நாள் நீல கேட்டுக் கம்பெனி மேனேஜர் ஆபீசுக்குப் போன் செய்தார். அவர்களுடைய வெப்சைட் நாங்கள் செய்ததுதான். எங்கள் ஒன்பது பேருடைய சம்பளத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது. அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் வருகிறார்கள், ஊர் பெயரைப் போட்டுத் தேடுவார்கள், "எங்க கேட்டு கலர் எல்லாருக்கும் தெரியும் சார், உங்க ஸ்டாஃப் வீட்டம்மாதான் எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அன்சார் சார் அந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்து வடக்கு ஜன்னல் மேஜையில் விரித்தார். லைட்டை அணைத்தார். தடவினார். மேலிருந்து கீழே படித்தார். பாப்பாவின் கால் படத்தின் மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"சார்?"

"நான் இதுல நம்பர் போட மாட்டேன் தம்பி. உன் வூட்டுப் பொருள். நீ போடு."

"எடுக்கலன்னா இன்னா சார் ஆவும்?"

"அந்தக் கம்பெனி நம்மள விட்டுப் போவும். ஒண்ணு ரெண்டு பேர நிறுத்த வேண்டியது வரும். அத நான் பாத்துக்கறேன். உனக்கு அந்த பேஜாரு வேணாம். நீ இத மட்டும் பாரு."

தொப்பியைப் போட்டுக்கொண்டு மதிய லுகர் தொழுகைக்குப் போய்விட்டார். அவர் எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர்மேல் பழி போட்டிருப்பேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

அரை மணி நேரம் இருந்தது. மஞ்சுவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனால் போடவில்லை. அவளுடைய வேலைக்கும் ஆபத்து வரும், பாப்பா இருக்கிறாள், தமீம் வீட்டில் இவன் ஒருத்தன் சம்பளம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். பதிவை அழிக்கவும் மனசு வரவில்லை. பொதுவில் இருந்ததை மறைவுக்கு மாற்றினேன். அப்படி மாற்றினால் வெளியாட்களுக்குத் தெரியாது, எழுதியவர் உள்ளே நுழைந்து பார்த்தால் மட்டும் தெரியும். ஆனால் தலைப்புக்கு முன்னால் 'தனிப்பட்டது' என்று ஒரு வார்த்தை வந்து நிற்கும். அவள் அதைப் பார்த்துவிடுவாள். புரோகிராமில் இரண்டு வரி எழுதி அந்த வார்த்தையும் அவள் கண்ணில் படாமல் செய்தேன். நல்ல வேலை. சுத்தமான வேலை. என் கையின் பெருமையை நானே மெச்சிக்கொண்ட மாதிரி கூட ஒரு நிமிஷம் இருந்தது. அதை எழுதவே கூசுகிறது.

சார் திரும்பி வந்தார். "மறச்சுட்டேன் சார்" என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"சாயங்காலம் சொல்றேன் சார்."

"சொல்லிடு. மறச்சு வெச்ச தோலு நாறாம இருக்காது."

சொல்லவில்லை.

நெட்டில் எவனும் நிறுத்த மாட்டான் என்று டீ நேரத்தில் அவ்வளவு பேசியிருக்கிறேன். ஒரு எழுத்தை நிறுத்த ஒரு வீட்டுக்காரன் போதும்.

மஞ்சு தினமும் சாப்பாட்டு இடைவேளையில் போனில் அதைத் திறந்து பார்ப்பாள். அவள் கண்ணுக்கு அது தெரியும், அவள் கண்ணுக்கு மட்டும். பூட்டிய வீட்டுக்குள் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருந்தாள். "மத்ததுக்கெல்லாம் யாராவது எழுதுறாங்க. இதுக்கு ஒருத்தரும் எழுதலீங்க. பாப்பா காலப் பாத்து பயந்துட்டாங்களோ?" என்பாள். "கம்மியாத்தான் எழுதுவாங்க, படிக்கறவங்க ஜாஸ்தி" என்பேன்.

ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுத்த தப்பைச் செய்தேன். காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிற மாதிரி நானே அதன் கீழே ஒரு கமென்ட் போட்டேன். "நல்ல தகவல் சகோதரி. நாங்களும் பாலத்துக்கு மேல்பக்கம்தான் போனோம்."

அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "பாத்தீங்களா! காட்பாடிக்காரரு!" என்றாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே பதில் அடித்தாள்:

"ரொம்ப நன்றி அண்ணா. நீங்க சொன்னதுல எனக்கு தைரியம் வந்துச்சு. எதாவது பிரச்சனை வருமோன்னு இருந்துச்சு. என் வீட்டுக்காரர் இந்த வேலைலதான் இருக்காரு, அவரு இருக்காருன்னுதான் எழுதறேன். உங்க கொழந்தைங்கள கேட்டதா சொல்லுங்க."

பால் பொங்கி வழிந்தது. நான் துடைத்தேன்.

ஆவணியில் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள். ஏழாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். போனைக் கேட்டாள். கை நடுங்கியதால் என்னையே பார்க்கச் சொன்னாள். "ஆத்துப் பதிவு பாருங்க. காட்பாடி அண்ணன் அப்பறம் எழுதுனாரா?"

"எழுதியிருக்காரு. ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாரு."

சிரித்தாள். நான் அவளிடம் சொன்ன கடைசிப் பொய் அது. அதற்குப் பிறகு உண்மையும் எதுவும் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் அன்சார் சாரிடம் போய் ஆபீஸ் சாவியைக் கொடுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். இல்லை என்று.

சனிக்கிழமை காலை ஆட்டோவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். தமீம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். நாற்பத்தொன்றும் புது இடத்துக்கு வந்துவிட்டன. நாற்பத்திரண்டாவது என் முன்னால் இருந்தது. பாப்பாவின் கால். நுரை. கீழே காட்பாடி வாசகர். அதற்குக் கீழே அவள்.

"அண்ணே, இது... நீங்களா மறச்சீங்க?" என்றான் தமீம். டீ நேரத்தில் வாய் பிளந்து கேட்டவன். ஆமாம் என்றேன். அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

பொய்க் கமென்டை அழித்தால் அவள் பதிலும் சேர்ந்து போகும். விட்டுவைத்தால் இல்லாத ஒருத்தனுக்கு அவள் என்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு காட்பாடி வாசகர் என்ற பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அவள் புருஷன் என்றும் போட்டேன். அடியில் நான் செய்ததை நாலு வரியில் எழுதினேன். அந்த நாலு வரி பற்றாமல்தான் இப்போது இவ்வளவும் எழுதுகிறேன். பதிவைத் திறந்துவிட்டேன்.

ஒடுகத்தூருக்குப் போன் செய்து கவிதாவைப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

"மாமா, இன்னா இது? அக்கா உங்களயா அண்ணான்னு கூப்பிட்டுக்கினு இருந்துச்சு?"

"ஆமா."

"சாவற வரைக்கும் சொல்லலையா?"

"சொல்லல கவிதா."

"அந்தப் பக்கம் என் போன்ல தெறக்கலன்னு நான் அக்காகிட்ட சொன்னேன் மாமா. உன் ஊர்ல நெட்டு ஸ்லோடின்னு சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரரு பாத்துக்குவாருன்னு சொல்லுச்சு." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "நாளைக்கு பாப்பாவ கூட்டிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல விடுங்க. லீவு முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும். நீங்க வூட்டுக்கு வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு பஸ் ஏறினேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் பஸ்சில் போவது அதுதான் முதல் தடவை. பள்ளிகொண்டா தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். வேர்க்கடலைக் கொல்லைகளும் மலையும் கிட்டே வந்து வந்து போயின. காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டே இருந்தது. அவள் தூங்குகிறாளா பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கவிதா பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். பாப்பாவை இறக்கி, பையை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. "அப்பா, நீ வரல?" என்றாள் பாப்பா. "இந்த வண்டிலயே திரும்பறேன்டா" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச தூரம் போனார்கள். கவிதா மட்டும் திரும்பி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"கீழ ஒண்ணு எழுதியிருக்கேன். நீங்க ஓகே குடுத்தாத்தான் வெளிய வருமாம்."

போனை எடுத்தேன். என் அனுமதிக்காகக் காத்திருந்தது. "அன்னைக்கு நானும் அங்க இருந்தேன். என் காலும் அரிச்சுது. மூணு நாளு இருந்துச்சு. எங்க அக்கா எழுதுனது உண்மை." அடியில் முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், அவள் வேலைக்குப் போகிற ஷூ கம்பெனி யூனிட் உட்பட எல்லாம் போட்டிருந்தாள்.

"கவிதா, ஊரு, கம்பெனி எல்லாம் போட்டிருக்கியே. பேரு மட்டும் இருந்தா போதாதா? நாளைக்கு எதாவது..."

நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

ஒரு எழுத்தையும் தொடாமல் அனுமதித்தேன். அவள் தன் போனில் அது வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது. பிறகுதான் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.